அணையா அடுப்பும் அணைக்க முடியாத அடுப்பும்

வீட்டு ஓவனின் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பிய பின்னும் உள்ளே கம்பி சிவந்தே இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் சூடு குறையவில்லை, ஏறியிருக்கிறது. இந்நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது குமிழை மீண்டும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பதுதான். பிறகு இன்னொரு முறை, சற்று அழுத்தி. அடுப்பை அணைப்பது அந்தக் குமிழின் வேலை என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம்.

அந்த நம்பிக்கை வரலாற்றளவில் பிழையானது. ஓவனின் குமிழோடு இணைந்த கருவி வெப்பத்தை ஓர் அளவில் நிறுத்தி வைப்பதற்காகப் பிறந்தது. அடுப்பை அணைப்பதற்காகப் பிறந்தது அன்று. கட்டுப்படுத்துதல், துண்டித்தல் என்ற இரு வேறு செயல்களும் இரு வேறு தொழில்களில், இரு வேறு காலங்களில் வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் ஒரே குமிழுக்குள் குடிபுகுந்தன. அணைக்க முடியாத அடுப்பு என்னும் பழுதைப் புரிந்துகொள்ள அந்த இரண்டையும் மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நெருப்பைக் காத்த காலம்

மனித வரலாற்றின் மிகப் பெரும்பகுதியில் வீட்டு நெருப்பு பற்றிய கவலை இதற்கு நேர்மாறானது. அணைக்க முடியாமல் போகுமே என்று எவரும் அஞ்சவில்லை. அணைந்துபோகுமே என்றுதான் அஞ்சினர். இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடிவைத்துக் காலையில் கிளறி ஊதிப் பற்றவைப்பது நாடெங்கும் இருந்த வழக்கம். ‘நீறு பூத்த நெருப்பு’ என்ற தொடர் இன்று அடங்கிக் கிடக்கும் பகையையும் சினத்தையும் குறிக்கிறது. அதன் வேர் அடுப்படியில் இருக்கிறது. அடுப்படியில் அது அச்சத்துக்குரிய பொருள் அன்று, நாளைய சமையலுக்கான சேமிப்பு.

அணையாத நெருப்பு ஓர் அறமாகவும் வழிபாடாகவும் உயர்ந்ததற்கு இதுவே பின்புலம். குஜராத்தின் உத்வாடாவில் பார்சிகள் காத்துவரும் ஈரான்ஷா நெருப்பு 1742 முதல் அவ்வூரில் எரிந்துவருகிறது. நாளின் ஐந்து பொழுதுகளிலும் அதற்கு விறகு படைக்கப்படுகிறது. வடலூரில் 1867இல் இராமலிங்க அடிகள் நிறுவிய சத்திய தருமசாலையின் அடுப்பு ‘அணையா அடுப்பு’ என்றே பெயர் பெற்றது. ஒன்று வழிபாட்டுக்குரிய நெருப்பு, மற்றொன்று பசி தீர்க்கும் நெருப்பு. நோக்கம் வேறாயினும் இரண்டிலும் பெருமைக்குரியது ஒன்றே: யாரோ ஒருவர் இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது. விறகு நெருப்பு தானாகத் தொடர்வதில்லை. அதைத் தொடரச் செய்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். அணைவதற்கு எதுவும் வேண்டியதில்லை.

இந்தச் சமன்பாட்டை முதலில் மாற்றியது தீக்குச்சி. இங்கிலாந்தில் ஜான் வாக்கர் 1827இல் உரசினால் பற்றும் குச்சிகளை விற்கத் தொடங்கினார். இந்தியச் சந்தையில் நெடுங்காலம் இறக்குமதித் தீப்பெட்டிகளே புழங்கின. 1923இல் சுவீடன் நிறுவனத்தின் கிளையாக விம்கோ இங்கு தொடங்கப்பட்டது. அதே காலத்தில் சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும் வேர்விட்டது. தீப்பெட்டி மலிவான பின்னரே அடுப்பை அணைப்பது இழப்பற்ற செயலாயிற்று. மீண்டும் பற்றவைப்பது எளிதானால்தான் அணைப்பது சிக்கனம் ஆகும். அதற்கு முன் அது கவனக்குறைவு.

சுவரில் தங்கிய வெப்பம்

ஓவன் என்ற மூடிய அடுப்பு இந்தியாவுக்குப் புதிதன்று. இராஜஸ்தானின் காலிபங்கனில் 1960களில் நடந்த அகழாய்வில் இன்றைய தந்தூரை ஒத்த மண் அடுப்புகள் வெளிப்பட்டன. பஞ்சாபின் தந்தூர், காஷ்மீரின் காந்தூர் கடைகள், போர்த்துக்கீசியர் வழி வந்த கோவாவின் ரொட்டி அடுப்புகள், மும்பையின் ஈரானி அடுமனைகள் ஆகிய அனைத்தும் ஒரு பொது இயல்பைப் பகிர்கின்றன. வெப்பம் நெருப்பில் மட்டும் இல்லை. மண்ணிலும் செங்கல்லிலும் தங்கியிருக்கிறது.

செங்கல் ஓவனில் விறகை எரித்து, கங்குகளை ஓரந்தள்ளி, தரையைத் துடைத்த பிறகே ரொட்டி உள்ளே போகிறது. வேகவைப்பது சுவர் வெளிவிடும் வெப்பம். அவ்வடுப்பை ‘அணைக்க’ வழியே இல்லை. நெருப்பை முற்றிலும் வெளியேற்றினாலும் பல மணி நேரம் அது சூடாகவே இருக்கும். அடுமனைத் தொழிலாளர் இதைக் குறையாகக் கருதவில்லை. இறங்கும் வெப்பத்தின் வரிசைக்கு ஏற்பத் தம் வேலையை அமைத்துக்கொண்டனர். கடுஞ்சூட்டில் ரொட்டி, சூடு தணிந்தபின் பிஸ்கட் வகைகள், கடைசி வெப்பத்தில் ரஸ்க் உலர்த்துதல். தரையில் ஒரு பிடி மாவைத் தூவி அது கருகும் வேகத்தைப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவது உலகின் பல பகுதி அடுமனைகளும் அறிந்த முறை. இங்கே வெப்பமானி என்பது தொழிலாளியின் கண்ணும் கையும்.

2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் மும்பை அடுமனைகள் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. அதையொட்டி எழுந்த விவாதம் புகை, சுவை, செலவு ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்தது. நகரக் காற்றின் நலன் கருதினால் மாற்றத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த மாற்றத்தில் இன்னொன்றும் கைமாறுகிறது: இறங்கும் வெப்பத்தோடு வேலை செய்யும் அறிவு மறைந்து, விரும்பிய நொடியில் ஏற்றவும் நிறுத்தவும் கூடிய வெப்பத்தின் மீதான நம்பிக்கை அவ்விடத்தைப் பிடிக்கிறது.

தானே அடங்கும் நெருப்பு: கல்கத்தாவின் ஒரு விடை

அடுப்பை விட்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த மிக நேர்த்தியான விடைகளுள் ஒன்று, 1910ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கர். மருத்துவமும் சட்டமும் கற்ற அவ்வங்காளி அறிஞரின் கருவி பார்வைக்கு எளியது. உருளை வடிவப் பெரும் பாத்திரம், அதனுள் டிபன் கேரியர் போல அடுக்கிய கிண்ணங்களில் அரிசி, பருப்பு, காய்கறி, சுற்றிலும் நீர், அடியில் கரிக்கங்கு. காலையில் மூட்டிவிட்டு வேலைக்குச் செல்பவர் திரும்பும்போது உணவு வெந்திருக்கும்.

இதில் அணைக்கும் குமிழ் ஏதும் இல்லை. தேவையும் இல்லை. இட்ட கரி எவ்வளவோ அவ்வளவே வெப்பம். கரி தீர்ந்தால் நெருப்பு தானே அடங்கும். இங்கே எரிபொருளின் அளவே காலக் கடிகாரம், அதுவே காவலும்கூட. மிகையான கரியை இட்டுவிட்டால் நேரக்கூடிய தீங்குக்கும் ஓர் எல்லை உண்டு. தனியாகத் தங்கி அலுவலகம் சென்றவர்களின் நகர வாழ்க்கைக்கு அது பொருந்தியது தற்செயல் அன்று. கவனிக்க ஆள் இல்லாத அடுப்பு, கவனிப்பு இல்லாமலே முடிவுக்கு வரவேண்டும் என்ற தெளிவு அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

அளவைக் காக்கும் கருவி

வெப்பத்தை ஓர் அளவில் நிறுத்தும் எண்ணம் வேறு திசையிலிருந்து வந்தது. சமையலறையிலிருந்து அன்று, ஆய்வுக்கூடத்திலிருந்து. ஹாலந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கொர்னேலிஸ் டிரெபெல் (1572–1633) இரசவாத உலைக்கும் முட்டை பொரிக்கும் பெட்டிக்கும் ஒரு தானியங்கி அமைப்பைச் செய்தார். கண்ணாடிக் குழாயில் மதுசாரமும் பாதரசமும். சூடு ஏறினால் மதுசாரம் விரியும், பாதரசம் உயரும், அது தாங்கிய தண்டு காற்று வழியின் மூடியை இறக்கும், நெருப்பு தணியும். சூடு குறைந்தால் மூடி மீண்டும் திறக்கும். நெருப்பை அணைப்பது இதன் நோக்கமே அன்று. அணைந்துவிட்டால் முட்டைகள் கெட்டுவிடும்.

1830இல் ஆண்ட்ரூ யூர் இரு உலோகப் பட்டைகளை ஒட்டிச் செய்த கருவிக்குக் காப்புரிமை பெற்று, அதற்குத் தெர்மோஸ்டாட் என்று பெயரிட்டார். வெவ்வேறு அளவில் விரியும் உலோகங்கள் சூட்டில் வளைவதுதான் அதன் அடிப்படை. கிரேக்கச் சொற்களால் ஆன அப்பெயரே வெப்பத்தை நிலையாக நிறுத்துவது என்றுதான் பொருள்படும்.

இக்கருவி வீட்டு ஓவனுக்குள் பரவலாக நுழைந்தது இருபதாம் நூற்றாண்டில். பிரிட்டனில் 1923இல் வெளிவந்த நியூ வேர்ல்டு வாயு அடுப்பில் ‘ரெகுலோ’ என்ற தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்டிருந்தது. ஆங்கிலச் சமையல் நூல்களில் இன்றும் காணப்படும் ‘கேஸ் மார்க்’ எண்கள் அதன் வழிவந்தவை. வாயு ஓவனின் தெர்மோஸ்டாட் பற்றிய ஒரு நுட்பம் இங்கு இன்றியமையாதது. குறித்த சூடு வந்ததும் அது வாயுவை முழுதாக மூடுவதில்லை. சிறு பக்கவழி ஒன்றின் மூலம் சுடர் உயிரோடிருக்கும் அளவு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். முழுதாக மூடினால் சுடர் அணையும். மீண்டும் வாயு திறக்கும்போது பற்றாத வாயு ஓவனுக்குள் நிறையும். எனவே தெர்மோஸ்டாட் அணைக்காமல் இருப்பதே அங்கு பாதுகாப்பு. அணைப்பது தனியே குழாயின் வேலை. கட்டுப்படுத்துவதும் துண்டிப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தீராத எரிபொருள்

மின்சாரம் இந்தப் பிரிவினையை மறைத்தது. 1899இல் கல்கத்தாவில் மின்வழங்கல் தொடங்கியது. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். செந்நிறமாகக் காய்ந்தும் எளிதில் எரிந்துபோகாத கம்பி சாத்தியமாயிற்று. மின் ஓவன், டோஸ்டர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் அக்கம்பியின் வழிவந்தவை.

மின் ஓவனில் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் விலகினால் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. சுழியத்துக்குத் திருப்பினாலும் அதேபோல நிற்கிறது. கட்டுப்படுத்தலும் துண்டித்தலும் ஒரே செயலின் இரு நிலைகள் போலத் தோன்றலாயின. ஒரே குமிழ் இரண்டுக்கும் போதுமென்று ஆயிற்று. ஆனால் அதே வேளையில் பழைய காவல் ஒன்று சத்தமின்றி நீங்கியது. விறகு தீரும்; கரி தீரும்; பதினான்கு கிலோவை ஒட்டிய சிலிண்டர்கூட ஒருநாள் தீரும். மின்கம்பி வழி வரும் எரிபொருள் தீர்வதில்லை. இக்மிக் குக்கரில் பிழை நேர்ந்தால் நெருப்பு தானே முடியும். மின் ஓவனில் பிழை நேர்ந்தால் யாராவது முடித்துவைக்கும் வரை அது தொடரும். அணைக்க முடியாத அடுப்பு என்ற பழுது இந்த மாற்றத்தின் குழந்தை.

இவ்வெற்றிடத்தை இந்திய வீடுகள் நிரப்பிக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் 1934ஆம் ஆண்டுத் தரமான பிஎஸ் 546இன் உருண்டை முனைச் செருகிகள் இந்தியத் தரமான ஐஎஸ் 1293இன் வழி இங்கு தொடர்கின்றன. அதனோடு ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் வைக்கும் வழக்கமும் இங்கு நிலைபெற்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் பொதுவாக அப்படி இல்லை. 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். ஆகவே அது 16 ஆம்பியர் பிளக்கில் பொருந்தும். அருகே அதற்குரிய பெரிய சுவிட்ச் இருக்கும். வேலை முடிந்ததும் சுவரிலும் அணைப்பது இந்திய வீடுகளின் இயல்பான பழக்கம்.

சமையல் வாயுவிலும் இதே இரட்டைப் பழக்கம் உருவாயிற்று. 1950களின் நடுவில் பர்மா ஷெல் பம்பாயில் சிலிண்டர் வாயுவை விற்கத் தொடங்கியது; 1965இல் இண்டேன் கல்கத்தாவில் முதல் இணைப்பை வழங்கியது. அடுப்பின் குமிழை மூடுவதோடு நில்லாமல், இரவில் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூட வேண்டும் என்ற அறிவுரை அதனோடு வீடுதோறும் சென்றது. குமிழை நம்பாதே, வரும் வழியிலும் அடை என்பதே அதன் சாரம். வாயு அடுப்பில் இவ்வளவு கவனமாக இருக்கும் குடும்பம் மின் ஓவனில் குமிழோடு நின்றுவிடுவது, மின்சாரம் கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாததால் இருக்கலாம்.

பழுதை எவ்வாறு வாசிப்பது

மேற்கண்ட வரலாறு நேரடியாக ஒரு செயல்முறையைத் தருகிறது. அணையாத ஓவன் முன் முதல் கேள்வி ‘ஏன்’ என்பது அன்று. ‘எங்கே துண்டிப்பது’ என்பது. சுவர் சுவிட்ச்; அது இல்லையேல் அல்லது எட்டவில்லையேல் ஓவனுக்குரிய எம்.சி.பி.; அதுவும் தெரியவில்லையேல் வீட்டின் மெயின். உள்ளே ஏதேனும் தீப்பற்றியிருந்தால் கதவைத் திறக்கலாகாது; நீர் ஊற்றலாகாது. மின்சாரத்தைத் துண்டித்து மூடிய நிலையிலேயே விட்டால் காற்றின்றி அது அடங்கும். அடங்காமல் வெளியே பரவுமானால் வீட்டை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைப்பதே முறை.

அடுத்து, அது உண்மையிலேயே பழுதா என்று பார்க்க வேண்டும். பல ஓவன்களில் குளிர்விக்கும் விசிறி அணைத்த பின்னும் சிறிது நேரம் ஓடுவது அமைப்பின் பகுதி. செங்கல் ஓவனைப் போலவே தகடும் காப்புப் பஞ்சும் வெப்பத்தைத் தேக்கி வைக்கும். சூடு மெல்லத்தான் இறங்கும். சூடு இறங்காமல் ஏறுகிறது, அல்லது குமிழ் சுழியத்தில் இருக்கும்போது கம்பி சிவக்கிறது என்றால்தான் பழுது உறுதி.

பழுதின் இருப்பிடம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளுதல். தெர்மோஸ்டாட் ‘டிக்’ என்று விலகும் ஒவ்வொரு முறையும் முனைகளுக்கிடையே நுண்ணிய மின்பொறி எழுகிறது. ஆயிரக்கணக்கான முறைகளுக்குப் பின் முனை உருகிப் பற்றாசு வைத்தாற்போல ஒட்டிக்கொள்ளலாம். அப்போது குமிழ் எந்த எண்ணைக் காட்டினாலும் பொருளில்லை. இரண்டாவது, திரவம் நிரம்பிய நுண்குழாய்த் தெர்மோஸ்டாட்டில் திரவம் கசிந்துபோதல். சூட்டை உணர்ந்து விரிய வேண்டிய பொருளே இல்லாதபோது, கருவி ஓவன் குளிர்ந்திருப்பதாகவே எண்ணி வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். டிரெபெலின் குழாய் உடைந்தாலும் இதுவே நிகழ்ந்திருக்கும். நான்கு நூற்றாண்டுகளில் இவ்வகைக் கருவியின் அடிப்படைப் பலவீனம் மாறவில்லை. மூன்றாவது, தொடுதிரை ஓவன்களில் ரிலே ஒட்டிக்கொள்ளுதல். திரை அணைந்துவிட்டதாகக் காட்டும். ரிலே வேறு கதை சொல்லும்.

இம்மூன்றையும் பிரித்தறிய ஒரு தேர்ந்த எலெக்ட்ரீஷியனுக்கு அதிக நேரம் ஆகாது. செருகியைக் கழற்றி, ஓவனை முழுதாக ஆறவிட்டு, குமிழைச் சுழியத்தில் வைத்துத் தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்ப்பார். தொடர்ச்சி இருந்தால் முனைகள் ஒட்டியுள்ளன. சுழியத்தில் விலகி, சூட்டில் மட்டும் விலகாவிட்டால் ஐயம் நுண்குழாயின் மீது விழும். இரண்டும் சரியாயின் ரிலேயும் கட்டுப்பாட்டுப் பலகையும் எஞ்சும். தட்டிப் பார்த்தால் ஒட்டிய முனை சிலவேளை விடுபடும். அதைச் சரியாகிவிட்டதாகக் கொள்வது தவறு. ஒருமுறை ஒட்டிய முனை மீண்டும் ஒட்டும். பாகத்தை மாற்றுவதே தீர்வு.

சுவரின் வயரிங்கையும் சோதிக்க வேண்டும். சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டும் என்பது மின்விதியின் அரிச்சுவடி. கம்பிகள் மாறி, சுவிட்ச் நியூட்ரலில் அமைந்துவிட்டால், அணைத்த பின்னும் ஓவனின் உள்ளே மின்னழுத்தம் நிற்கும். துண்டித்ததாகத் தோன்றும் இடத்தில் துண்டிப்பு முழுமையடைவதில்லை.

பல ஓவன்களில் மிகைவெப்பத் துண்டிப்பான் என்ற தனிப் பாகம் இருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. தெர்மோஸ்டாட் ஒருநாள் தோற்கும் என்பதை வடிவமைப்பாளரே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் ஓவனின் உச்ச அளவையும் கடந்த பின்னரே அது செயல்படும். அது காப்பது வீட்டைத்தான். உள்ளே இருக்கும் கேக்கை அன்று.

மறைந்த சுவிட்ச்

இன்றைய நகரச் சமையலறையில் ஓவன் அலமாரிக்குள் பதிக்கப்படுகிறது. அதன் பிளக் பாயின்ட் பல வீடுகளில் ஓவனுக்குப் பின்னாலேயே அமைகிறது. சுவிட்ச் கண்ணில் படாமல் இருப்பதே அழகு என்று கருதப்படுகிறது. ஓவனை வெளியே இழுக்காமல் அதைத் துண்டிக்க இயலாது. குமிழ் இருந்த இடத்தில் தொடுதிரை. அது கட்டளையைப் பெறும், கம்பியைப் பிரிக்காது. ஒரு நூற்றாண்டுப் பழக்கம் சுவரில் பாதுகாத்து வைத்திருந்த இரண்டாவது காவலை அழகியல் மெல்ல அகற்றிவருகிறது.

இதில் இழக்கப்படுவது ஒரு சுவிட்ச் மட்டுமன்று. கங்கை மூடிய காலத்தில், நெருப்பு எங்கே இருக்கிறது, எப்படி அடங்கும், எப்படி எழும் என்ற அறிவு சமைப்பவரிடம் இருந்தது. பெரும்பாலும் அவர் ஒரு பெண். அடுமனையில் அது தொழிலாளியிடம் இருந்தது. இன்று ஓவனின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது அதைப் பொருத்திய ஒப்பந்தக்காரருக்குத் தெரியும், எம்.சி.பி. பெட்டியில் எது எதற்குரியது என்பது வயரிங் செய்தவருக்குத் தெரியும். நாள்தோறும் அதன் முன் நிற்பவருக்குத் தெரிந்திருப்பது குமிழ் மட்டுமே. பழுது நேரும் மாலைப்பொழுதில் அவ்விருவரும் வீட்டில் இருக்கப்போவதில்லை.

மாற்றம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஓவனின் சுவிட்ச் அதற்குப் பின்னால் அன்றிப் பக்கத்து அலமாரியிலோ மேடைக்கு மேலோ கை எட்டும் இடத்தில் அமையவேண்டும். எம்.சி.பி. பெட்டியில் ‘ஓவன்’ என்று எழுதிய ஒரு சீட்டு ஒட்டப்பட வேண்டும். அவ்விரண்டும் எங்கே இருக்கின்றன என்பது சமைப்பவர் உட்பட வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வடலூரிலும் உத்வாடாவிலும் நெருப்பு அணையாதிருப்பது, அருகில் ஒருவர் இருப்பதால். வீட்டு ஓவன் அணையாதிருப்பது, அதைத் துண்டிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாததால்.